சர்வரக்கா போடாத கையெழுத்து

வாடகை வீடு பேசப் போனபோது வீட்டுக்காரம்மா, "உங்க சம்சாரம் என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில சர்வர் பாக்குறா" என்றார் அவள் கணவர். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த அம்மா அவளை ஆஸ்பத்திரி கேன்டீனில் தட்டு எடுக்கிறவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, "நாள் பூரா நின்னு நின்னு கால் வலிக்காதாம்மா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"நான் பரிமாறுறது ரிசல்ட்டுங்க. உட்கார்ந்துதான் பரிமாறுறேன்" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியிலும் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரைக்கும் அவளைச் சர்வரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அது பெரிய பொது ஆஸ்பத்திரி. ரத்தம், சிறுநீர், சதைப் பரிசோதனை எதுவானாலும் லேப்பில் முடிவு வந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். நோயாளி தன் சீட்டு நம்பரையும் பிறந்த தேதியையும் போனில் அடித்தால் முடிவு அவருக்கு மட்டும் தெரியும். மறுபடி இரண்டு பஸ் மாறி வந்து வரிசையில் நிற்க வேண்டாம். அந்தப் பக்கத்தை ஊருக்கெல்லாம் அனுப்பி வைக்கிற வெப் சர்வர்தான் சர்வரக்காவின் பொறுப்பு.

பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை அடுக்கி வைத்திருந்த அறையைத்தான் அதற்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. வெல்டரான அவள் கணவர் அடித்துக் கொடுத்த இரும்பு ஸ்டாண்டில் மேல்தட்டில் ஓடுகிற மெஷின் இருந்தது. கீழ்த்தட்டில் ரெக்கார்டு செக்‌ஷன் வேண்டாமென்று தள்ளிய இன்னொரு பழைய மெஷின். அதற்கு அவள் வைத்த பெயர் ஒத்திகை மெஷின். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் கீழே, பிறகுதான் மேலே. எட்டு வருடத்தில் இந்த வரிசை ஒருமுறைகூட மாறியதில்லை.

அவள் ரெக்கார்டு செக்‌ஷனில் டைப்பிஸ்டாகத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் வேறு வேலை கிடைத்துப் போகும்போது, பாஸ்வேர்டு எழுதிய ஒரு தாளை ரெக்கார்டு செக்‌ஷன் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமே பக்கம் நின்றுபோனது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, திரையில் வந்திருந்த எழுத்தை உட்கார்ந்து படித்தவள் அவள் ஒருத்திதான். டிஸ்க்கில் இடமில்லை என்று அந்த மெஷின் நேராகவே சொல்லிக்கொண்டிருந்தது. பழைய குப்பையை அழித்தாள், ஓடியது. "அது சொல்றதைக் கேட்டேன், அவ்வளவுதான்" என்பாள். அன்றிலிருந்து அது அவள் தலையில் விழுந்தது. அவளும் அதைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

அந்த வெப் சர்வர் மென்பொருளுக்கு முதலாளி கிடையாது. பல நாடுகளில் இருக்கிற பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டிருந்தார்கள். அவர்களுடைய மெயில் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஒருமுறை, நிறுவும் குறிப்பில் ஒரு வரி மேலே கீழே மாறியிருப்பதை அவள் தட்டுத்தடுமாறி எழுதி அனுப்பினாள். மறுநாளே திருத்திவிட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருபது வருடமாகத் தப்பாக எழுதியிருக்கிற 'கழிவறை' போர்டைத் திருத்தச் சொல்லி அவள் கொடுத்த மனு இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த வேலையில் அவளுக்கு இருந்த வீம்பு சும்மா வந்ததில்லை. அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில்தான் ஒரு பரிசோதனை செய்துகொண்டாள். அப்போதெல்லாம் ரிசல்ட் ஒரு ஜன்னலில்தான் கிடைக்கும். உள்ளே இருந்த ஆள் பெயரைக் கூப்பிட்டு, என்ன டெஸ்ட், என்ன வந்திருக்கிறது என்பதை வரிசை முழுக்கக் கேட்கும்படி படித்தார். அக்காவுக்கு வந்திருந்தது மருந்தில் தீருகிற நோய்தான், ஒரு வருடத்தில் தீர்ந்தும் போனது. ஆனால் வரிசையில் நின்ற ஒருத்தியின் வாய் வழியாக அது அக்கா வேலை பார்த்த தையல் கம்பெனிக்குப் போனது, அங்கிருந்து பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போனது. வேலையும் போயிற்று, கல்யாணமும் போயிற்று. தங்கையான இவள் அன்று வரிசையில் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தாள்.

போன வருடம் புது நிர்வாக அதிகாரி வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. வார்டுகளில் உடைந்து கிடந்த கட்டில்களையெல்லாம் மூன்றே மாதத்தில் மாற்றினார். ஆனால் எதற்கும் ஒரு கம்பெனி வேண்டும், கம்பெனிக்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்தின் அடியில் ஒரு சீல் வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு கம்பெனிக்காரர் வந்து பெரிய திரையில் படம் காட்டினார். ரிசல்ட் பக்கம், அப்பாயின்ட்மென்ட் பக்கம் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "இலவசமா கிடைக்கிற எதுக்கும் யாரும் பொறுப்பு கிடையாது சார். எங்களது சொந்தத் தயாரிப்பு" என்றார். அதிகாரிக்குப் பிடித்துவிட்டது. நான்கு மாதத்தில் எல்லாம் கைமாறும், அதுவரைக்கும் இப்போது இருக்கிற சர்வரில் யாரும் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டார். அது சர்வரக்காவின் மேஜைக்கும் வந்தது. படித்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை எட்டரைக்கு அந்த மென்பொருள்காரர்களின் பட்டியலிலிருந்து மெயில் வந்தது. ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்த பதிப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். பக்கத்தின் முகவரியில் புள்ளியையும் சாய்கோட்டையும் ஒரு குறிப்பிட்ட விதமாகச் சேர்த்து அடித்தால், பூட்டி வைத்திருக்கிற கோப்பைக்கூட சர்வர் எடுத்து நீட்டிவிடும். புதிய பதிப்பில் அடைத்தாகிவிட்டது, எல்லோரும் இன்றைக்கே மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அவள் உடனே நம்பிவிடவில்லை. ஒத்திகை மெஷினில் ஒரு பூட்டிய இடத்தில், 'இது வெளியே தெரியக் கூடாது' என்று ஒரு வரி எழுதிய கோப்பை வைத்தாள். தன் போனில் அந்த முகவரியை அடித்தாள். 'இது வெளியே தெரியக் கூடாது' என்று போன் திரையில் பளிச்சென்று வந்தது. ஒரு தாளை எடுத்துக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு அதிகாரி அறைக்குப் போனாள்.

"சார், ஒரு ஓட்டை இருக்கு. வெளியில இருக்கிற யார் வேணும்னாலும் நோயாளிங்களோட ரிசல்ட்டை எடுத்துப் பாக்கலாம். புதுப் பதிப்பு போடணும். இன்னைக்கே."

"உத்தரவு உங்களுக்கு வந்துச்சில்ல?"

"வந்துச்சு சார். அது வந்தப்ப இந்த ஓட்டை யாருக்கும் தெரியாது."

"இப்ப நீங்க கை வெச்சு ஏதாவது ஆனா, கம்பெனி ஒப்பந்தத்துல இருந்து நழுவிடுவாங்க. அவங்க வந்ததும் எல்லாம் சேர்த்துப் பார்ப்பாங்க."

"அவங்க வர இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு."

"எட்டு வருஷம் ஓடின மெஷின் மூணு மாசம் ஓடாதா?"

"ஓடும் சார். கதவைத் திறந்து போட்டுக்கிட்டு ஓடும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அம்மா, உங்க அக்கறை புரியுது. ஆனா உத்தரவு உத்தரவுதான். போய் வேற வேலை இருந்தா பாருங்க."

அவள் எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நேராகக் கீழே தபால் பிரிவுக்குப் போனாள். அங்கே கொடுத்து, நகலில் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். கடிதத்தில் நான்கே வரி. ஓட்டை இது, ஆபத்து இது, இன்று மதியம் ஒன்றரை மணிக்கு நானே அடைக்கப்போகிறேன், பொறுப்பு என்னுடையது.

பிறகு லேப் தலைவியான டாக்டரம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எவ்வளவு நேரம் பக்கம் நிக்கும்?"

"கால் மணி நேரம். ஒத்திகை பார்த்துட்டுத்தான் கை வைப்பேன்."

"அவர் வேண்டாம்னு சொல்லிட்டாராமே?"

"சொல்லிட்டார்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல லேப்ல இருந்து எதையும் ஏத்த வேண்டாம்னு சொல்லி வைக்கிறேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதீங்க."

"அது போதும் மேடம்."

ஒத்திகை மெஷினில் புதிய பதிப்பு ஏறியது, ஆனால் கிளம்ப மறுத்தது. சர்வர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற பழைய அமைப்புக் கோப்பில் இருந்த இரண்டு வரிகளைத் தனக்குத் தெரியாது என்றது. ஒன்றுக்குப் பெயர் மாறியிருந்தது, இன்னொன்றை ஒழித்தே விட்டிருந்தார்கள். குறிப்பைத் தேடிப் படித்து இரண்டையும் சரிசெய்தாள். புள்ளியும் சாய்கோடும் அடித்துப் பார்த்தாள். மறுத்துவிட்டது. நான்கு தடவை அடித்தாள், நான்கு தடவையும் மறுத்தது.

ஒன்றரை மணிக்கு அறைக் கதவை விரியத் திறந்து வைத்தாள். ஒளிந்து செய்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது. பதிவேட்டில் நேரம் எழுதினாள். சர்வரை நிறுத்தினாள், இருக்கிற எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாள். புதிய பதிப்பை ஏற்றினாள், அமைப்புக் கோப்பு சரிதானா என்று சோதிக்கிற கட்டளையைக் கொடுத்தாள். சரி என்றது. கிளப்பினாள்.

பக்கம் வரவில்லை. அனுமதி இல்லை என்று ஒரு வெள்ளைத் திரை வந்தது. ஒத்திகையில் வராதது இது. வராந்தாவில் யாரோ, "என்னக்கா, ரிசல்ட் வரலையாமே?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். "வரும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். பிழைப் பதிவைத் திறந்து கடைசி வரியைப் படித்தாள். லேப் கோப்புகள் இருந்த இடத்தைப் படிக்கிற உரிமை புதிய பதிப்புக்கு இல்லை. மேல் மெஷினில் அந்தப் பழைய டெக்னீஷியன் எந்தக் காலத்திலோ வேறு மாதிரி அமைத்து வைத்திருந்தார். ஒரு கட்டளையில் உரிமையைக் கொடுத்தாள். பக்கம் வந்தது. ஒன்று ஐம்பத்திரண்டு. சொன்னது கால் மணி நேரம், ஆனது இருபத்திரண்டு நிமிடம். இருபத்திரண்டு என்றே பதிவேட்டில் எழுதினாள்.

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன், பக்கத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கிற வருகைப் பதிவைப் புரட்டிப் பார்த்தாள். நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வெளியிலிருந்து யாரோ தட்டியிருந்தார்கள். அதே புள்ளி, அதே சாய்கோடு. பதினொரு தடவை. பதினொரு தடவையும் சர்வர் மறுத்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்தப் பதினொரு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. உத்தரவை மீறியது, பொதுச் சேவையை இருபத்திரண்டு நிமிடம் நிறுத்தியது என்று இரண்டு குற்றம். அந்த இருபத்திரண்டைக்கூட அவள் பதிவேட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். கூடவே, கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று டைப் அடித்த ஒரு தாள். 'மேற்படி மென்பொருள் உரிமையாளர் யாரும் இல்லாத இலவச மென்பொருள் என்பதாலும், அது பாதுகாப்பற்றது என்று அறிந்ததாலும் பதற்றத்தில் உத்தரவை மீறிவிட்டேன். வருந்துகிறேன்.'

வீட்டில் கணவர் அதை இரண்டு தடவை படித்தார். தீப்பொறி பட்டுப் பட்டு அவர் கண்ணுக்குப் பொடி எழுத்து சட்டென்று பிடிபடாது.

"போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"என் வேலை பிழைக்கும். ஆனா எட்டு வருஷமா நான் ஒரு ஓட்டை டப்பாவைக் காவல் காத்தேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். இந்தத் தாளைக் காட்டித்தான் கம்பெனியைக் கொண்டு வருவாங்க."

"போடலைன்னா?"

"ஸ்டோருக்குத் தூக்கிப் போடுவாங்க. இல்லைன்னா சஸ்பெண்ட் பண்ணுவாங்க."

அவர் தாளை மடித்துக் கொடுத்தார். "ஸ்டோர்ல ஃபேன் இருக்கான்னு மட்டும் கேட்டு வெச்சுக்கோ" என்றார்.

அக்காவிடமிருந்து போன் வந்தது. "உனக்கு எதுக்குடி வம்பு? ஒரு கையெழுத்துதானே. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டு வேலையைப் பாரு."

"முடியாதுக்கா."

"எனக்காகன்னு நெனச்சுக்கிட்டு ஏதாவது பண்ணாத. அதெல்லாம் முடிஞ்சு போன கதை."

"உனக்காக இல்லக்கா. அன்னைக்கு வரிசையில வாயை மூடிக்கிட்டு நின்னது நான்."

"அப்ப போடாத" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரி, லேப் டாக்டரம்மா, அலுவலக சூப்பிரண்டு. ஓரத்தில், தொழில்நுட்ப ஆலோசனை சொல்வதற்கென்று அந்தக் கம்பெனிக்காரர். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல சார். இதுல உண்மைன்னு பார்த்தா 'மீறிவிட்டேன்'ங்கிற ஒரு வார்த்தைதான். அதை மட்டும் தனியா எழுதிக் குடுங்க, போடுறேன்."

சூப்பிரண்டு குனிந்து சிரிப்பை அடக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு கேட்கிறேன். நாளைக்கு ஒரு நோயாளியோட ரிசல்ட் வெளியே போயிடுச்சுன்னு வைங்க. கேஸ் வருது. நான் யாரைப் பிடிக்கிறது? கம்பெனின்னா கம்பெனியைப் பிடிப்பேன். உங்க மென்பொருளுக்கு ஆளே கிடையாதே."

"என்னைப் பிடிங்க சார்."

அவள் மடியில் இருந்த பையைத் திறந்தாள்.

"பேர் போட்டு, நேரம் போட்டு, முத்திரை வாங்கித்தான் செஞ்சேன். அதை எழுதினவங்களுக்கும் பேர் இருக்கு. ஓட்டை இருக்குன்னு அவங்களே ஊரைக் கூட்டிச் சொன்னாங்க, மூடி மறைக்கல. இன்னைக்கே அடைங்கன்னு சொன்னாங்க. அடைச்சேன். இதைப் பாருங்க." அச்செடுத்த தாளை மேஜையில் விரித்தாள். "புதன்கிழமை சாயங்காலம் நாலு பத்து. பதினொரு தடவை யாரோ கதவைத் தள்ளிப் பாத்திருக்காங்க. நான் உங்க உத்தரவைக் கேட்டிருந்தா, முதல் தடவையிலேயே உள்ள வந்திருப்பாங்க."

டாக்டரம்மா தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பதினொரு வரியையும் விரல் வைத்து எண்ணினார்.

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், எங்க தயாரிப்புல இந்த மாதிரி பிரச்சினையே வராது."

"அவர் அன்னைக்குப் படம் காட்டின பக்கத்தை நான் இன்னைக்குக் காலையில திறந்து பார்த்தேன் சார்" என்றாள் அவள். "வெப் சர்வர் ஒவ்வொண்ணும் பக்கத்தை அனுப்பும்போது, மறைக்கச் சொல்லலைன்னா, தன்னோட பேரையும் பதிப்பு நம்பரையும் சேர்த்து அனுப்பும். அவங்களோட சொந்தத் தயாரிப்புக்கு அடியில ஓடுறதும் இதேதான். நம்மகிட்ட இருந்ததைவிட ரெண்டு பதிப்பு பழசு. ஓட்டை அப்படியே இருக்கு. அதை வெச்சு நான் எதையும் திறந்து பாக்கல. அது தப்பு. அவரையே அடைக்கச் சொல்லுங்க."

சூப்பிரண்டு தன் போனை எடுத்து, "எங்க பாக்கணும்?" என்று கேட்டார். அவள் எழுந்து போய்க் காட்டினாள். சூப்பிரண்டு அந்த நம்பரைச் சத்தமாகப் படித்தார். கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. யாரையோ கூப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனவர் அன்று திரும்ப உள்ளே வரவில்லை.

அதோடு எல்லாம் அவள் பக்கம் சாய்ந்துவிடவில்லை. அதிகாரி தோற்றதாக ஒப்புக்கொள்கிற ஆளும் இல்லை. உத்தரவை மீறியதற்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது, அந்த வருடச் சம்பள உயர்வு தள்ளிப்போனது. எச்சரிக்கைத் தாளின் அடியில் 'படித்தேன், ஏற்கவில்லை' என்று எழுதி, அதன் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். இப்படி எழுதலாமா என்று சூப்பிரண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுதக் கூடாது என்று எங்கேயும் இல்லை. தாள் அப்படியே ஃபைலுக்குள் போனது.

கம்பெனிக்கு அப்பாயின்ட்மென்ட் பக்கம் மட்டும் போனது. ரிசல்ட் பக்கம் எக்ஸ்ரே அறையிலேயே தங்கியது. அது லேப் டாக்டரம்மா ஒற்றைக் காலில் நின்று வாங்கியது. அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள் என்று அன்று சொன்னவரும் அவர்தான்.

சர்வரக்கா அதோடு விடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தபால் பிரிவில் ஒரே கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினாள். பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்கு முன் அனுமதி தேவையில்லை, பதிவேட்டில் எழுதினால் போதும் என்று விதி வேண்டும். தபால் பிரிவுக்காரர் அவள் தலையைப் பார்த்ததுமே முத்திரையை மையில் ஒற்றி வைத்துக்கொள்வார். ஒன்பதாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. அவள் எழுதியிருந்த வாக்கியத்தையே, ஒரு கமாவை மட்டும் மாற்றி, உத்தரவாகப் போட்டிருந்தார்கள்.

அடுத்த ஓட்டை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை, மொத்தம் ஒன்பது நிமிடம் பக்கம் நின்றது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் நிர்வாக அதிகாரி நின்றிருந்தார். அந்த அறைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"பக்கம் கொஞ்ச நேரம் வரலையே?"

"புதுப் பதிப்பு போட்டேன் சார். இப்ப வரும்."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்டயும் கேட்கல சார்."

அவர் இரும்பு ஸ்டாண்டையும், இரண்டு மெஷின்களையும், சுவரில் அவள் ஒட்டி வைத்திருந்த புது உத்தரவின் நகலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அவள் வருகைப் பதிவைத் திறந்து, புதிதாக யார் தட்டுகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தாள்.